கடித்த விஷமும் கொடுத்த விஷமும்: வருசநாட்டுப் பக்கமிருந்து சில குறிப்புகள்

1

இங்கிலீஷ்காரனிடம் இரண்டு சொல் இருக்கிறது. பல்லாலோ கொடுக்காலோ குத்தி உடம்புக்குள் இறக்கினால் அது ‘வெனம்’. வாய் வழியாகவோ மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உடம்பு வாங்கிக்கொண்டால் அது ‘பாய்சன்’. நல்ல பாம்பு, தேள், குளவி முதல் வகை. அரளி, ஊமத்தை, தேரை இரண்டாவது வகை. முதல் வகைக்குச் சுரப்பி வேண்டும், அதைச் செலுத்தக் கருவி வேண்டும். இரண்டாவது வகைக்கு இந்தச் சள்ளையெல்லாம் கிடையாது. சும்மா இருந்தால் போதும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிற சீவன்களும் உண்டு. ஜப்பானில் ஒரு பாம்பு கடித்தும் நஞ்சு ஏற்றும். தான் தின்ற தேரைகளின் நஞ்சைக் கழுத்துச் சுரப்பியில் சேமித்து வைத்துத் தன்னைத் தின்ன வருகிறவற்றுக்கும் கொடுக்கும்.

தமிழில் இரண்டுக்கும் விஷம்தான், நஞ்சுதான். இதை வைத்துக்கொண்டு தமிழில் அறிவியல் துல்லியம் போதாது என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு நஞ்சு, மற்றதற்கு விஷம் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிறவர்களும் இருக்கிறார்கள். சனங்கள் பேசுகிற தமிழைக் காது கொடுத்துக் கேட்டால் இந்த வருத்தம் தேவையில்லை. வருசநாடு, கடமலைக்குண்டு, கம்பம் பக்கம் நான் கேட்டவரைக்கும் வேறுபாடு பெயர்ச்சொல்லில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. ‘விஷம் ஏறிருச்சு’, ‘விஷம் எறங்கிருச்சு’, ‘பூச்சி தொட்டுருச்சு’ என்றால் கடி. ‘விஷம் வச்சுட்டான்’, ‘கலந்துட்டான்’, ‘குடிச்சிருச்சு’ என்றால் மற்றது. முதல் வரிசையில் மனிதக் கை இல்லை. நஞ்சு தானாக ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான். வைத்தவன் யார், கலந்தவன் யார், குடிக்க வைத்தது எது என்ற கேள்வி அந்த வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு வினைச்சொல்லும் கவனிக்க வேண்டியது. எழுத்துத் தமிழில் பாம்பு ‘தீண்டும்’. அதே ‘தீண்டு’தான் தீண்டாமையிலும் இருக்கிறது. சேரியில் பிறந்தவன் தொட்டால் தண்ணீர் கெடும், பாத்திரம் கெடும் என்று சொன்ன ஒழுங்கு, மனித உடம்பில் ஒரு விஷப்பல்லைக் கற்பனை செய்து பொருத்தியது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைக்காரர் பயந்தது எச்சிலுக்கு அல்ல, கற்பித்துக்கொண்ட விஷத்துக்கு. நடப்போ நேர் எதிர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. ‘கலந்த’ என்ற வினைக்கு எழுவாய் வேண்டும். அங்கே சண்டையே அந்த எழுவாயைப் பற்றித்தான் நடந்தது.

ஆக, நஞ்சுகளைப் பிரிப்பது விலங்கியல் புத்தகத்தோடு முடிகிற வேலை இல்லை. எது இயற்கை, எது குற்றம், எது விதி, எது கொலை என்று பிரிப்பதும் அதே வேலையின் மறுபாதி. இந்தக் குறிப்புகள் அந்த மறுபாதியைப் பற்றியவை.

2

கடி நஞ்சு, தின்னும் நஞ்சு என்ற பிரிவினைக்கு ஐரோப்பாவில் ஒரு வருடம் குறிக்கலாம்: 1664. ப்ளாரன்ஸ் நகரத்து மெடிசி அரண்மனையின் மருத்துவர் பிரான்செஸ்கோ ரேடி, விரியன் பாம்புகளைப் பற்றித் தன் சோதனைகளை அந்த வருடம் அச்சிட்டார். பாம்பின் கோபம்தான் விஷமாகிறது, பித்தப்பையில் இருக்கிறது விஷம் என்பதெல்லாம் அதுவரை படித்தவர்கள் பேசிய பேச்சு. ரேடி பல்லடியில் சுரக்கிற மஞ்சள் திரவத்தைக் காட்டினார். அந்தத் திரவம் ரத்தத்தில் கலந்தால் கொல்லும், குடித்தால் கொல்லாது என்றார். அரண்மனையில் பாம்பு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரே குடித்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பாம்பு விஷம் பெரும்பாலும் புரதம்; வயிறு அதைச் சோறு, பருப்பு போலச் செரித்துவிடுகிறது. வாயிலோ குடலிலோ புண் இருந்தால் கதை வேறு.

நம்மூர்ப் புராணத்தில் இந்தச் சோதனையைச் சிவபெருமான் முன்னாடியே செய்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பாற்கடல் கடைந்தபோது வாசுகி கக்கியதும் கடலில் எழுந்ததும் சேர்ந்து ஆலகாலம் ஆனதென்று ஒரு கதை. குடித்தவர் சாகவில்லை, கழுத்துதான் கறுத்தது. கடி நஞ்சைக் குடித்தால் அவ்வளவுதான் நடக்கும்.

ஆனால் இங்கே வைத்தியம் வகுத்த பிரிவினை ரேடியினுடையது அல்ல. சுஸ்ருத சம்ஹிதை நஞ்சை நிற்பது, நகர்வது என்று பிரிக்கிறது: தாவரமும் தாதுவும் ஒரு பக்கம், பாம்பும் தேளும் மறு பக்கம். உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதல்ல, எங்கிருந்து வருகிறது என்பதே அளவுகோல். இதோடு மனிதர் கூட்டிச் செய்த நஞ்சு என்று மூன்றாவதும் உண்டு. சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று கணக்குச் சொல்லி, 32 பிறவி, 32 வைப்பு என்று பிரிக்கிறது. மண்ணில் தானாகக் கிடைப்பது பிறவிப் பாஷாணம். வைத்தியன் கூட்டி எரித்துச் செய்வது வைப்புப் பாஷாணம். பழனி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்று சனங்கள் சொல்கிறபோது, ஒன்பது நஞ்சு சேர்ந்து ஒரு மருந்து ஆகும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பிறவி, வைப்பு. இந்த இரண்டு சொல்லையும் நான் கடன் வாங்கிக்கொள்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் நூறு வருட வரலாற்றை இந்த இரண்டு சொல்லுக்குள் நிறுத்திப் பார்க்க முடிகிறது.

3

வெள்ளைக்காரன் இந்த நாட்டுக்குள் நடந்தபோது காலடியில் பாம்பும், சாப்பாட்டில் விஷமும் இருக்குமோ என்று பயந்துகொண்டே நடந்தான். பாம்புக்கு இயற்கை விஞ்ஞானத்தை அனுப்பினான். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1796இல் வந்தது. நம்முடைய கண்ணாடி விரியனுக்கு உலகம் முழுக்க இப்போது அவர் பெயர்தான். பாம்புக்கடிக்குப் பேர்போன ‘தஞ்சாவூர் மாத்திரை’யை அவர் நாய்களுக்கும் கோழிகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். அந்த மாத்திரையில் இருந்த சரக்குகளில் ஒன்று வெள்ளைப் பாஷாணம். கடித்த நஞ்சுக்குத் தின்னும் நஞ்சு மாற்று. அதற்கப்புறம் 1872இல் ஜோசப் பேரர் வங்காளத்திலிருந்து இந்திய விஷப்பாம்புகளைப் பற்றி எழுதினார். பாம்புத் தலைக்குக் காசு கொடுத்தார்கள். பாம்பு கடித்துச் செத்தவர்களை வருடா வருடம் எண்ணினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கணக்கு வருடத்துக்குச் சுமார் 20,000 என்று வந்தது. அந்தக் கணக்கிலும் ஒரு சந்தேகம் ஓடியது. விஷம் வைத்துக் கொன்றுவிட்டுப் பாம்பு கடித்தது என்று எழுதிவிடுகிறார்களோ?

விஷத்துக்குப் போலீசை அனுப்பினான். வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதை கொடுத்து மயக்கிக் கொள்ளையடிப்பவர்கள், வெள்ளைப் பாஷாணம் வைக்கும் மனைவிகள், நம்ப முடியாத சமையற்காரர்கள்: காலனிய மருத்துவச் சட்டப் புத்தகங்களில் இந்தியா இப்படித்தான் நடமாடுகிறது. டேவிட் ஆர்னால்டு இந்தியாவின் நஞ்சு வரலாற்றை 2016இல் விரிவாக எழுதியிருக்கிறார். 1904இல் விஷச் சட்டம் வந்தது, 1919இல் அது புதிதாக எழுதப்பட்டது. கடைக்காரன் யாருக்கு எவ்வளவு பாஷாணம் விற்றான் என்று பதிவேடு வைக்கச் சொன்னார்கள். ‘வைப்பு’ நஞ்சைக் கையாள இது ஒரு வழி.

மனிதர்களையே ‘பிறவி’ நஞ்சாக எழுதியதுதான் கொடுமை. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914 தொடங்கிப் பிறமலைக் கள்ளர்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். இந்தப் பக்கத்துச் சனம் அதை ரேகைச் சட்டம் என்று சொன்னது. வளர்ந்த ஆம்பளை ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த பிறப்புக்கு. குட்டிப் பாம்புக்கும் விஷம் உண்டு என்ற தர்க்கத்தை அப்படியே எடுத்து மனிதக் குழந்தைமேல் வைத்த சட்டம் அது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் போனது, நாடு முழுக்க 1952இல் போனது. பிறப்பில் விஷம் இருக்கிறது என்ற நினைப்பு சட்டத்தோடு போகவில்லை. ரேகைச் சட்டத்தில் அடிபட்ட சாதி, தனக்குக் கீழே நிறுத்திய சாதியைத் தீண்டாமல் வைத்ததும் அதே நினைப்பில்தான். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேசுவதில் பாதி விடுபட்டுப் போகும்.

4

இனி நிற்கிற நஞ்சு. வருசநாட்டு வேலியோரம் எருக்கு நிற்கிறது, கள்ளி நிற்கிறது. கோயில் மாலைக்கு அரளி நிற்கிறது. செங்காந்தள் மலையடிவாரப் புதரில் பூக்கிறது; கிழங்கு முழுக்க நஞ்சு, ஆனால் மாநில மலர், விதைக்காகத் திண்டுக்கல், கரூர்ப் பக்கம் பயிரும் செய்கிறார்கள். இவை எதுவும் யாரையும் தேடிப் போய்க் கொன்றதில்லை. செடி தன் பாலிலும் விதையிலும் நஞ்சை வைத்திருப்பது ஆட்டிடமிருந்தும் புழுவிடமிருந்தும் தப்பிக்க. எருக்கை ஆடு மேயாமல் விட்டதால்தான் அது வேலியில் நிற்கிறது.

இந்தச் செடிகளின் பெயரை இந்தியா முழுக்கப் பேச வைத்தது 1986. அந்த வருடம் ஜூனில் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பெண் சிசுக் கொலையை அட்டைப் படக் கட்டுரையாக்கியது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. 1994இல் அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் நாடறிந்த சொற்கள் ஆயின. எழுதப்பட்டதில் பெரும்பகுதி இரண்டு எழுவாய்களைத்தான் கண்டுபிடித்தது. ஒன்று சாதி: இது அந்தச் சாதியின் வழக்கம், அவர்கள் ரத்தத்திலேயே கொடூரம் என்றார்கள். ரேகைச் சட்டத்தின் மொழி பத்திரிகை மொழியாகத் திரும்பி வந்தது. இன்னொன்று கிழவி: பேத்தி வாயில் பாலை ஊற்றிய அப்பத்தாவின் கை.

ஊற்றிய கை அதுதான். அதை மறைக்க எனக்கு எந்த உத்தேசமும் இல்லை. ஆனால் ஊற்ற வைத்தது எது? பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த சனத்துக்குள் வரதட்சணை எப்போது நுழைந்தது? 1895இல் முல்லைப் பெரியாறு தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. 1959இல் வைகை அணை வந்தது. நஞ்சை நிலமும் பணப்பயிரும் கடனும் வந்தன. நிலம் வைத்திருப்பவன் மகனுக்கு விலை வந்தது. பெண் கூலிக்காரியாகவோ செலவாகவோ ஆனாள். ‘நஞ்சை’ என்கிற வயலின் பெயரில் நஞ்சு இல்லை, ஈரம்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஈரத்தோடு வந்த பொருளாதாரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. கூண்டில் ஏறியவர்கள் தாய்மாரும் அப்பத்தாக்களும். பிள்ளை வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆம்பளைகள் பெரும்பாலும் சாட்சி வரிசையில் நின்றுகொண்டார்கள்.

அப்புறம் ஸ்கேன் வந்தது. 1994இல் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. காசு உள்ளவர்களுக்கு எருக்கு தேவைப்படாமல் போனது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் செய்ததைச் சாதிப் பழக்கம் என்று எந்த அட்டைப் படமும் சொல்லவில்லை. எருக்கு வேலியில் அப்படியேதான் நிற்கிறது.

5

பூச்சிக்கொல்லிக்கு இங்கே பெயர் மருந்து. ‘மருந்தடிக்கப் போயிருக்காரு’, ‘மருந்துக் கடை’, ‘மருந்தக் குடிச்சிருச்சு’. கிரேக்க மொழியில் ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறித்ததை வைத்து 1968இல் தெரிதா பிளேட்டோவைக் கட்டுடைத்தார். சிறுபத்திரிகைக்காரர்கள் அதை வியந்து வியந்து மேற்கோள் காட்டியிருக்கிறோம். கடமலைக்குண்டில் உரக்கடை வாசலில் நின்றால் அந்தச் சொல் சாதாரணமாகக் காதில் விழும். இந்த இரட்டை அர்த்தம் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரனுடன் வந்ததும் இல்லை. சோற்றில் வைக்கிற ‘இடுமருந்து’, அதை உறிஞ்சி ‘மருந்தெடுக்கிற’ ஆள் என்று அதற்கு முன்பே ஒரு மரபு இருக்கிறது. இடுமருந்தில் வைக்கிற கையைப் பற்றிய சந்தேகம் இருந்தது. பூச்சிமருந்தில் அந்தச் சந்தேகம் காணாமல் போனது. சர்க்கார் சிபாரிசு செய்கிறது, கடைக்காரர் கடனுக்குத் தருகிறார், அப்புறம் எப்படி அது விஷமாகும்?

1958இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவு, அதே கப்பலில் வந்த பாலிடாலால் நஞ்சாகி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதன் விசாரணை 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் போய் முடிந்தது. அந்தப் பாலிடால் என்ற பெயர் ஒரு தலைமுறைக்குத் தமிழில் தற்கொலையின் மறுபெயராக இருந்தது. அந்த ரசாயனக் குடும்பத்தின் தகப்பன் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் கம்பெனியில் வேலை பார்த்த கெர்ஹார்ட் ஷ்ராடர். 1936இல் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோது அவர் கையில் கிடைத்தது டாபுன் என்ற போர் நச்சுவாயு. பூச்சியின் நரம்பும் மனிதனின் நரம்பும் ஒரே மாதிரி வேலை செய்வதால் இரண்டுக்கும் ஒரே சரக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் கடி நஞ்சும் தின்னும் நஞ்சும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. நரம்பு தசைக்குச் சேதி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளப் பூட்டுத் துளை போல ஓர் அமைப்பு உண்டு. வேலை முடிந்ததும் அந்தப் பொருளைக் கூட்டித் தள்ள ஒரு நொதி உண்டு. நல்ல பாம்பின் விஷம் பூட்டுத் துளையை அடைத்துக்கொள்கிறது. சேதி போய்ச் சேராமல் இமை தொங்குகிறது, மூச்சு நிற்கிறது. பாலிடால் வகை மருந்து, கூட்டித் தள்ளுகிற நொதியைக் கொல்கிறது. சேதி குவிந்து குவிந்து தசை துடித்து மூச்சு நிற்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிற நியோஸ்டிக்மின், அதே நொதியைக் கொஞ்ச நேரத்துக்குக் கட்டிப்போடுகிற மருந்து. பாலிடாலின் தூரத்துச் சொந்தம். பூச்சிமருந்து குடித்தவருக்குப் போடுகிற அட்ரோபின் ஊமத்தையின் குடும்பத்துச் சரக்கு. தஞ்சாவூர் மாத்திரைக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அளவும் நேரமும் கையும்தான் ஒன்றை மருந்தாகவும் இன்னொன்றை நஞ்சாகவும் ஆக்குகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் இதன் நேரடி அர்த்தம் என்ன? கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடிகாலையில் ஜீப்புகளில் அடைபட்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூலிச் சனம். இந்தியாவில் மருந்து மிக அதிகமாக அடிக்கப்படுகிற பயிர்களில் ஏலம் ஒன்று. கீழே திராட்சைத் தோட்டங்களில் மயில் துத்தமும் மற்றதும். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சம் அளவுக்கு மேல் இருக்கிறதென்று கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6.65 லட்சம் டின்கள் முடங்கின. 2024இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பக்தரின் நாக்கில் படுகிற துணுக்கை அளக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, வழக்குப் போட ஆள் இருக்கிறது. நல்லதுதான். அந்த ஏலச்செடி மேல் மருந்து அடித்த ஆளின் தோலில் எவ்வளவு இறங்கியது என்று அளக்கச் சொல்லி இதே அளவு பரபரப்பை நான் கண்டதில்லை. எண்டோசல்பானுக்குக் காசர்கோடு முந்திரிக் காட்டுக்காரர்கள் 2011இல் தடை வாங்கினார்கள் என்றால், தங்கள் பிள்ளைகளின் உடம்பையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது.

குடித்துச் சாகிறவர்களைப் பற்றி நமக்கு ஒரு சோம்பேறித்தனமான பேச்சு உண்டு: சாகணும்னு முடிவு பண்ணினவன் எப்படியும் சாவான். இலங்கை இதைப் பொய்யாக்கியது. 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் அது ஒன்று. அந்த வருடம் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் அங்கே தடுத்தார்கள். பத்து வருடத்தில் தற்கொலைச் சாவு பாதியாகக் குறைந்தது. அதனால் விளைச்சல் விழுந்துவிடவில்லை என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. அந்தப் பத்து வருடத்தில் யுத்தம் ஓயவில்லை, கடனும் குடும்பச் சண்டையும் ஓயவில்லை. மாறியது ஒன்றுதான்: ஆத்திரத்தில் கை நீட்டிய தூரத்தில் இருந்த புட்டியின் கொடுமை. ஆத்திரம் பெரும்பாலும் கடந்து போகிற ஒன்று. கொடிய மருந்து அது கடந்து போக நேரம் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 2022-23இல்தான் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தடையும், ஆறு வகைப் பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடையும் வந்தன. அறுபது நாள்!

6

இதுவரை சொன்னதை வைத்து, கடி நஞ்சு இயற்கையின் கணக்கு, கொடுத்த நஞ்சு சமூகத்தின் கணக்கு என்று கோடு கிழித்துவிட்டால் வசதியாக இருக்கும். சனங்களின் வினைச்சொல்லும் அப்படித்தான் கிழிக்கிறது. ஆனால் ‘தொட்டுருச்சு’ என்பதில் மறைந்து போகிற கைகளையும் தேட வேண்டியிருக்கிறது.

கட்டுவிரியன் ராத்திரி வீட்டுக்குள் வருகிறது, தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. கடித்த இடம் வலிப்பதுகூடக் கிடையாது. யாரைக் கடிக்கிறது? தரையில் படுத்தவர்களை. கட்டில் உள்ளவனையும் கதவு பொருந்திய வீட்டுக்காரனையும் அநேகமாக விட்டுவிடுகிறது. கண்ணாடி விரியன் யாரைக் கடிக்கிறது? வெறுங்காலோடு புல்லறுக்கிறவளை, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவனை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம், வருடத்துக்கு 58,000 என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் ஏறுவது அதில் மிகச் சிறிய பங்கு. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான். தமிழ்நாட்டில் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆனது 2024 நவம்பரில். அதுவரை எண்ணப்படாத சாவு, இருந்தும் இல்லாத சாவு.

எண்ணாததன் பலன் மருந்திலும் தெரிகிறது. 1972 வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பிழைப்பைப் பறித்தன. ரோமுலஸ் விட்டேகர் உதவியோடு 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்புகளைப் பிடித்து வைத்து, விஷம் எடுத்து, சுமார் ஒரு மாதத்தில் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் போகிற விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்தினுடையது. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தீண்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட கைகள் எடுத்துக் கொடுத்த விஷத்தால் எல்லாச் சாதிக்காரனும் உயிர் பிழைத்திருக்கிறான். ஆனால் அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே. ஏலத்தோட்டத்து இலைச் சருகிலும் செடியிலும் கிடக்கிற குழிவிரியன்களுக்கு அது கேட்பதில்லை. சமவெளிப் பாம்புக்கு மருந்து செய்த நாடு, மலைக்குக் கூலிக்குப் போகிறவளின் பாம்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேள் சாட்சி. செந்தேளின் விஞ்ஞானப் பெயரில் ‘தமுலுஸ்’ என்று தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கொட்டிக் குழந்தைகள் சாவது சகஜமாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற மலிவான பிரசோசின் மாத்திரை அந்தச் சாவைப் பெருமளவு தடுக்கும் என்று 1980களில் காட்டினார். தேள் மாறவில்லை. கொட்டுப்பட்டவனைப் பார்க்கிற பார்வை மாறியது.

கடியும் கொடுத்ததும் ஒன்றாகிப் போன வழக்கு ஒன்றும் உண்டு. 2020இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண் தூக்கத்தில் நல்ல பாம்பு கடித்துச் செத்தாள். விதி என்று ஊர் நம்பியிருக்கும். பெற்றவர்கள் நம்பவில்லை. கணவன் பாம்பை விலைக்கு வாங்கி வந்து கடிக்க வைத்தான் என்று விசாரணையில் தெரிந்தது. பாம்பை அமுக்கிப் பிடித்துக் கடிக்க வைத்தால் பல் தடத்தின் இடைவெளி விரியும் என்பதைச் சோதித்துக் காட்டினார்கள். 2021 அக்டோபரில் இரட்டை ஆயுள் தண்டனை. வரதட்சணை வாங்கி வந்த கல்யாணம் அது. அங்கே விலங்கியல்படி ‘வெனம்’. வழக்குப்படி வைத்த விஷம். பாம்பின் பல் வெறும் கருவி. வெள்ளைக்காரனின் பழைய சந்தேகம், அவன் எந்தச் சாதியைச் சந்தேகப்பட்டானோ அங்கே அல்லாமல், நகைக் கணக்குப் பார்க்கிற நடுத்தரக் குடும்பத்தில் போய் நிரூபணம் ஆனது.

பயமும் ஏறுமாறாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. விஷமே இல்லாத கொம்பேறிமூக்கன் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்கிறோம், அரணை கடிச்சா மரணம் என்கிறோம், சாரையை அடித்துக் கொல்கிறோம். சாரை தின்னாமல் விட்ட எலிக்கு மருந்து வாங்குகிறோம். பல்லி விழுந்த சத்துணவென்றால் தாசில்தார் வரைக்கும் ஓடி வருகிறார். அதே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் குடிக்க வைத்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டி க.விலக்கில் இருக்கிறது தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு மலைக்கிராமங்களுக்கு ரோடு போடுவதும் வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்கிற காரியம். கடிபட்டவரை டோலி கட்டித் தூக்கி வர வேண்டிய தூரத்தில் ஏறுகிற விஷத்துக்குப் பாம்பு மட்டும் பொறுப்பா? கடனுக்கு வாங்கிய மருந்து டப்பாவை வைக்கப் பூட்டுள்ள அலமாரிகூட இல்லாத ஒற்றை அறை வீட்டில் நடக்கிற சாவுக்குக் குடித்தவள் மட்டும் பொறுப்பா? ‘வெனம்’, ‘பாய்சன்’ இரண்டுக்கும் நல்ல தமிழ்ச் சொற்களை அகராதிக்காரர்கள் கண்டுபிடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் வேலை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் ராத்திரி இருக்கிறாரா, குழிவிரியனுக்கு மருந்து எப்போது, அறுபது நாள் தடை ஏன் நிரந்தரத் தடையாகவில்லை, ஏலக்காட்டில் மருந்தடிக்கிறவளின் ரத்தத்தை யார் பரிசோதிப்பது. இந்தக் கேள்விகளை ஒன்றியக் கூட்டத்திலும் தோட்ட முதலாளியிடமும் கேட்கிற ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு போய் நிற்பதும், அவர்கள் கேட்பதை எழுதி வைப்பதும் செய்ய வேண்டியது.